மயில்துத்தப் புட்டியில் செத்த மீன் படம் எதற்கு?

ரத்த தான முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த நீலக் கரைசல் நினைவிருக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குவளைக்குள் விடுவார்கள். சில நொடிகளில் சொட்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் படுக்கையில் ஏறிப் படுக்கலாம். மிதந்துகொண்டே இருந்தால், கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி 1.053 என்று அளந்து வைக்கப்பட்டிருக்கும். டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது ஹீமோகுளோபின் உள்ள ரத்தம்தான் அதில் மூழ்கும். கரைசலில் இருப்பது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்.

அங்கே இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். ரத்தச் சொட்டு கரைசலில் கலந்து பரவிவிடுவதில்லை, உருண்டையாகவே இறங்குகிறது. கரைசலிலுள்ள செம்பு அயனிகள் ரத்தத்தின் புரதத்தோடு பட்ட மாத்திரத்தில் சேர்ந்து, சொட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றைக் கட்டிவிடுகின்றன. புரதத்தைக் கண்டால் விடாத செம்பின் இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் செய்யும் கெடுதல்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

பள்ளியில் படித்த யாருக்கும் இந்தப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படிக நீர் பாடத்துக்கு உதாரணம் இதுதான். இரும்பு ஆணியில் செம்பு படியும் சோதனைக்கும் இதுதான். மின்முலாம், ஃபெலிங் கரைசல், பெனடிக்ட் கரைசல் என்று வேதியியல் ஆய்வகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் இந்த நீலம் இருக்கும். உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் துருசு என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இவ்வளவு பழகிய பொருளின் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் சிவப்புக் கட்டம் போட்ட மூன்று எச்சரிக்கைப் படங்கள் இருக்கும். ஒன்றில் ஆச்சரியக்குறி: விழுங்கினால் கெடுதல். இன்னொன்றில் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் ஏதோ திரவம் அரிக்கிறது. இங்கே அதற்கு அர்த்தம், கண்ணில் பட்டால் கடுமையான சேதம் என்பது. மூன்றாவதில் இலையில்லாத மரத்தடியில் மீன் ஒன்று செத்துக் கிடக்கிறது. இந்தப் படங்களைப் பெரும்பாலான மாணவர்களுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை. அதனால் விபரீதமான ஒரு நிலைமை. தோலில் ஒரு துளி பட்டால் பதறுகிறார்கள்; கண்ணாடி போடாமல் சோதனைக் குழாயைச் சூடேற்றுகிறார்கள்; வகுப்பு முடிந்ததும் மிச்சக் கரைசலை நிம்மதியாகச் சிங்க்கில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அதாவது, பயப்பட வேண்டாத இடத்தில் பயம், பயப்பட வேண்டிய இரண்டு இடத்திலும் அலட்சியம்.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காயமில்லாத தோல் வழியாகச் செம்பு உள்ளே போவது மிகக் குறைவு. நாள் கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சலும் அரிப்பும் வரும். கையுறை போடுவது நல்லது. போடாமல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கழுவாத கையோடு டிபன் பாக்ஸைத் திறப்பதில்தான் கோளாறு. அங்கே விஷயம் தோலை விட்டு வாய்க்குப் போய்விடுகிறது.

வாய் வழியாகப் போனால் கணக்கே வேறு. நம் உடம்புக்குச் செம்பு வேண்டும்; ஆனால் தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதையும் சேர்த்தால்கூடச் செம்பு 100 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். மயில்துத்தப் படிகத்தின் எடையில் கால் பங்கு செம்பு. ஒரு தேக்கரண்டிப் படிகம் ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள செம்பு 1,270 மில்லிகிராம். உடம்பில் மொத்தமாக உள்ளதைப்போல் பன்னிரண்டு மடங்கு ஒரே கரண்டியில்.

அது வயிற்றுக்குள் போனதும் முதலில் வாந்தி வரும், அதுவும் நீலப்பச்சை நிறத்தில். இரைப்பையின் உட்சுவர் புண்ணாகும். செம்பு ரத்தத்தில் ஏறிவிட்டால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறும். பிறகு கல்லீரல், அதன் பிறகு சிறுநீரகம். வட இந்திய மருத்துவமனைகளிலிருந்து 1960-களிலேயே இதைப் பற்றிய ஆய்வுகள் வந்துவிட்டன. இதில் கொடுமையான வரலாறு ஒன்றும் உண்டு. வாந்தியைத் தூண்டுகிறதே என்று, வேறு விஷம் குடித்தவர்களுக்கு மயில்துத்தக் கரைசலையே வாந்தி மருந்தாக மருத்துவர்கள் ஒரு காலத்தில் கொடுத்தார்கள். வாந்தி வராமல் போனவர்களுக்கு இரண்டு விஷமும் சேர்ந்தது. பாஸ்பரஸ் பட்டு வெந்த புண்ணையும் இதே கரைசலால் கழுவினார்கள். புண் வழியாகச் செம்பு ஏறிச் சிவப்பணுக்கள் உடைவது தெரிந்தபின் அதுவும் கைவிடப்பட்டது.

ஆய்வகத்தில் யார் தேக்கரண்டியால் அள்ளிச் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் பிப்பெட்டை வாயால் உறிஞ்சுகிறார்கள். நம் கல்லூரிகளில் பருமனறி பகுப்பாய்வு வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். செம்பின் அளவைத் தயோசல்பேட் கொண்டு கண்டுபிடிக்கும் சோதனை நடந்துகொண்டிருக்கும். இருபது மில்லி பிப்பெட்டின் நுனியைக் கரைசலில் வைத்து, மேல்முனையை உதட்டில் கவ்வி, கன்னம் ஒடுங்க மாணவர் இழுப்பார். கண் மேல்கோட்டின் மேலேயே இருக்கும். கீழே பீக்கரில் கரைசல் குறைந்துகொண்டே வந்து பிப்பெட் நுனி காற்றில் நிற்பது அவருக்குத் தெரியாது. நுனி காற்றைத் தொட்ட கணத்தில், உள்ளே ஏறி நின்ற திரவம் முழுவதும் ஒரே பாய்ச்சலாய் வாய்க்குள் வந்துவிடும். நாக்கில் உலோகத் துவர்ப்பு. சிங்க்கை நோக்கி ஓட்டம்.

அந்தச் சோதனையில் லிட்டருக்கு 25 கிராம் படிகம் கரைத்திருப்பார்கள். ஒரு வாய், அதாவது 10 மில்லி, போனால் கால் கிராம் படிகம். 64 மில்லிகிராம் செம்பு. உடனே துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். என் கவலை அந்தப் பழக்கத்தின் மேல். இன்று மயில்துத்தத்தை உறிஞ்சும் அதே உதடு நாளை டைகுரோமேட்டையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் உறிஞ்சும். ரப்பர் பல்ப் ஒன்று மாட்டினால் தீர்ந்துபோகும் விஷயம் இது. 'பல்ப் வைத்தால் அளவு சரியாக வராது' என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வாரம் பழகினால் வாயால் இழுப்பதைவிடச் சரியாகவே வரும்.

வாய்க்குப் போகும் இன்னொரு வழி தண்ணீர் பாட்டில். அறிவியல் கண்காட்சிக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோகும் கரைசலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி, பெயர்கூட ஒட்டாமல் ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்கும். படிகமாக வைத்தாலும் வீட்டுக் குழந்தையின் கண்ணுக்கு அது நீலக் கற்கண்டு. வீட்டில் படிகம் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் படிகாரம் வாங்கிக் கொடுங்கள். அதுவும் எட்டு முகத்தோடு அழகாகவே வளரும். நீலப் படிகத்தைப் பள்ளியில் ஆசிரியர் கண்ணெதிரே வளர்க்கட்டும்.

இனி கண். புட்டியிலுள்ள இரண்டாவது படத்துக்கு வருவோம். ரத்தச் சொட்டைச் சுற்றி உறை கட்டிய அதே செம்பு அயனி கருவிழியைத் தொட்டால் அங்கேயும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு மயில்துத்தக் கரைசல் ஓரளவு அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச் 4-க்குப் பக்கத்தில் இருக்கும். கரைசல் துளியைவிட மோசம் படிகத் துகள். அது இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, கண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து, ஒரே இடத்தில் அடர்கரைசலாக நிற்கும். கருவிழி கலங்கி, பார்வையே மங்கும் அளவுக்குப் போகலாம். மயில்துத்தத்தை வெறும் கண் எரிச்சல் தரும் பொருள் என்ற வகையில் வைத்திருந்த காலம் போய், இப்போது கண்ணுக்குக் கடுஞ்சேதம் தரும் வகைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். பழைய செய்முறைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணுக்கு எப்போது வரும் ஆபத்து? கல்வத்தில் படிகத்தை இடிக்கும்போது வரும். பீங்கான் கிண்ணத்தில் கரைசலை வற்றவைக்கும்போது வரும். கரைசல் கெட்டியாகி ஓரத்தில் படிகம் கட்டத் தொடங்கும் நேரத்தில் கிண்ணம் சடசடவென்று தெறிக்கும். மாணவர்கள் ஆர்வத்தோடு குனிந்து பார்ப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். பாதி வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு மீதியைக் காற்றில் ஆற விடுவதே முறை. படிகமும் பெரிதாக வரும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தப்பு நடக்கும் சோதனை படிக நீரைக் காட்டுவதுதான். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம்.

உலர்ந்த சோதனைக் குழாயில் அரைக் கரண்டிப் பொடி. அதற்கு மேல் வேண்டாம். இடுக்கியால் குழாயின் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, வாய் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் வைத்து, மெல்லிய சுடரில் காட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் கீழ்நோக்கி? படிகத்திலுள்ள ஐந்து நீர் மூலக்கூறுகளில் இரண்டு 63 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், அடுத்த இரண்டு 109 டிகிரி வாக்கிலும், கடைசி ஒன்று 200 டிகிரியை நெருங்கும்போதும் கழன்று ஆவியாகின்றன. அந்த ஆவி குழாயின் குளிர்ந்த வாய்ப்பகுதியில் முத்து முத்தாய்ப் படியும். வாய் மேல்நோக்கி இருந்தால் அந்த நீர் வழிந்து, கொதிக்கும் அடிக் கண்ணாடியில் விழும். 'டப்' என்று குழாய் வெடித்து, சுடு பொடியும் கண்ணாடிச் சில்லும் மேசையெல்லாம் சிதறும். பாதுகாப்புக் கண்ணாடி போடாத முகம் அங்கே எத்தனை அங்குலத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீலம் வெளுத்து, சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி ஆனதும் நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பலர் 'இன்னும் கொஞ்சம் வெள்ளையாகட்டும்' என்று சுடரை முழுவதும் திறந்துவிடுவார்கள். 600 டிகிரியைத் தாண்டினால் போவது நீர் இல்லை, சல்பேட்டே உடையும். பொடி கறுத்து காப்பர் ஆக்சைடாகும், கந்தக ஆக்சைடு வாயுக்கள் மூக்கைப் பிடுங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு மூச்சே போதும். பொடி விளிம்பில் கறுப்பு தட்டினாலே சோதனை எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். சன்னலைத் திறக்க வேண்டியதுதான்.

அடுத்தது கைதட்டு வாங்கும் கட்டம். வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். முதலில் குழாய் முழுதாக ஆற வேண்டும். பிறகு சொட்டு மருந்துக் குழலால் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். விட்டதும் 'சுர்' என்று ஆவி கிளம்பும், குழாய் கையைச் சுடும். 160 கிராம் நீரற்ற பொடி முழுதாக நீரேறும்போது 78 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. அறை வெப்பத்திலுள்ள கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அதுவே போதும். மாணவரின் குழாயில் இருப்பது அரைக் கரண்டிதான் என்பதால் பிழைத்தோம். நீரற்ற பொடியைப் புட்டி நிறையச் செய்து வைத்திருப்பவர்கள் ஈரமான கரண்டியை உள்ளே விடக் கூடாது. மூடியையும் இறுக்கமாக வைக்க வேண்டும்.

இந்தப் படிகத்துக்கு அறிவியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு, சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1912-இல் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் லாவேயின் யோசனையின்படி பிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவர் எக்ஸ் கதிரை முதன்முதலில் செலுத்திப் பார்த்தது ஒரு மயில்துத்தப் படிகத்தின் வழியாகத்தான். ஒளிப்படத் தட்டில் புள்ளிகள் விழுந்தன. படிகத்துக்குள் அணுக்கள் வரிசை போட்டு நிற்கின்றன என்பது அதோடு உறுதியானது. லாவேக்கு 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு. பிறகு 1934-இல் பீவர்ஸ், லிப்சன் இருவரும் இதே படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்து, நான்கு நீர் மூலக்கூறுகள் செம்பைச் சுற்றி இருக்க, ஐந்தாவது மட்டும் செம்போடு நேரடித் தொடர்பில்லாமல் ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்பதைக் காட்டினார்கள். மாணவர்கள் சூடேற்றி வெளியேற்றும் அந்த ஐந்து நீரின் முகவரி அப்படித்தான் தெரியவந்தது.

சூடு சம்பந்தப்பட்ட இன்னும் இரண்டு எச்சரிக்கை. கரைசலில் இரும்பு ஆணி போடுவது சாதுவான சோதனை. அதே கரைசலில் மெக்னீசியம் பொடியையோ துத்தநாகப் பொடியையோ கொட்டினால் கொதித்துப் பொங்கும், ஹைட்ரஜனும் வரும். உப்பு சேர்த்து அலுமினியத் தாள் போட்டாலும் அப்படித்தான். வீடியோவில் பார்த்ததைச் செய்ய ஆசைப்படும் மாணவர்கள் சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. மற்றது ஃபெலிங் சோதனை. அங்கே எல்லோரும் நீலமாக இருக்கும் முதல் கரைசலைப் பார்த்து ஒதுங்குவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது நிறமே இல்லாத இரண்டாவது கரைசலுக்கு. அதில் இருப்பது அடர் சோடியம் ஹைட்ராக்சைடு. இரண்டையும் கலந்து நேராகச் சுடரில் காட்டினால் குழாயிலிருந்து எகிறும். வெந்நீர்ப் பீக்கரில் நிறுத்தி வைத்தாலே சிவப்பு வீழ்படிவு வந்துவிடும்.

இப்போது செத்த மீனுக்கு வருவோம். நாம் அதிகம் கண்டுகொள்ளாத படம் அது.

ஐம்பது மாணவர்கள், ஆளுக்கு 20 மில்லி, லிட்டருக்கு 25 கிராம் கரைசல். வகுப்பு முடிந்ததும் சிங்க்கில் போவது மொத்தம் ஒரு லிட்டர். அதில் செம்பு 6.35 கிராம். இது பெரிய அளவா? குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை மனிதருக்குப் பாதகமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீர்த்தெள்ளுப்பூச்சிக்கும், உப்புக் குறைந்த மென்னீரில் வாழும் சில மீன்களுக்கும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமே எமன். அந்த அளவுக்கு நீர்க்க வேண்டுமானால் நம் ஒரு லிட்டருக்கு 63,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஐந்து வந்தாலும் போதாது. குழாயைத் திறந்துவிட்டு 'தண்ணீரோடு போய்விடும்' என்பது கணக்குக்கு உதவாத ஆறுதல்.

மீன் ஏன் இப்படி எளிதில் சாகிறது? நன்னீரில் வாழும் மீனின் உடலுப்பு எப்போதும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். செவுள்தான் தண்ணீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து உள்ளே இழுத்து ஈடுகட்டுகிறது. செம்பு அயனி செவுளில் ஒட்டிக்கொண்டு அந்த இழுப்பை நிறுத்திவிடுகிறது. கடின நீரில் உள்ள கால்சியம் செவுளில் இடம் பிடித்துக்கொண்டு செம்பை ஓரளவு தள்ளி நிறுத்தும். அதனால் ஒரே அளவு மயில்துத்தம் ஒரு குளத்தில் பாசியை மட்டும் கொல்லும், இன்னொரு குளத்தில் மீனையும் சேர்த்து மிதக்க விடும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனும் தீரும். தப்பிய மீனுக்கு அது இரண்டாவது அடி. கழிவுநீர்த் தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்களுக்கும் செம்பு ஆகாது.

ஆகவே மிச்சக் கரைசல் சிங்க்குக்குப் போகக் கூடாது. மேசை ஓரத்தில் 'செம்புக் கழிவு' என்று பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். வாரக் கடைசியில் அதில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். நுரைக்கும், நீலப்பச்சை நிறத்தில் களி போன்ற வீழ்படிவு இறங்கும். 25 கிராம் படிகத்துக்குப் படிக வடிவச் சலவைச் சோடா 30 கிராம் என்ற கணக்கில் போட்டால் சரியாக வரும். மறுநாள் மேலே தெளிந்த நீர் நிறமற்று நிற்கும். அதில் சிறிது எடுத்து அம்மோனியா விட்டுப் பாருங்கள். கருநீலம் தோன்றினால் செம்பு இன்னும் பாக்கி. தோன்றாவிட்டால் நீரை வடித்துவிட்டு, அடியிலுள்ளதை உலர்த்தி, பெயர் எழுதிய டப்பாவில் சேர்த்து வைத்து அபாயக் கழிவோடு அனுப்பலாம். ஃபெலிங் கழிவுக்கும் அம்மோனியா சேர்ந்த உப்புப் பகுப்பாய்வுக் கழிவுக்கும் இந்த வழி பலிக்காது. டார்ட்ரேட்டும் அம்மோனியாவும் செம்பை விடாமல் கரைசலிலேயே பிடித்து வைத்திருக்கும். அவற்றைத் தனிப் புட்டியில் சேர்த்து, அமிலம் விட்டு நீலம் வெளிறியபின், துருப்பிடிக்காத எஃகு வகை வேண்டாம், சாதா இரும்பு ஆணியையோ இரும்பு நாரையோ போட்டு இரண்டு நாள் விட்டால் செம்பு முழுவதும் சிவப்பாகப் படிந்துவிடும். கரைசலில் மிஞ்சுவது பெரும்பாலும் இரும்பு உப்பு.

இந்த இரும்புச் சோதனை நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். வெற்றிலைக் கொடிக்கும் பாக்கு மரத்துக்கும் காப்பிச் செடிக்கும் போர்டோ கலவை தயாரிப்பவர்கள் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று தனித்தனியே கரைத்துக் கலப்பார்கள். பாத்திரம் மண் அல்லது பிளாஸ்டிக், இரும்பு ஆகாது. கலந்து முடித்ததும் பளபளப்பாகத் தீட்டிய கத்தியையோ அரிவாளையோ கலவையில் ஒரு நிமிடம் நனைத்து எடுப்பார்கள். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் மயில்துத்தம் மிச்சமிருக்கிறது, இலையைப் பொசுக்கும் என்று அர்த்தம். இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்றுவார்கள். பிரான்சில் போர்டோ பகுதியின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து இந்தக் கலவையை 1885-இல் உலகுக்குச் சொன்னவர் மில்லர்டே. அதைத் தெளித்தே பிழைத்த போர்ச்சுகல் நாட்டுத் தொழிலாளர்களின் நுரையீரலில் செம்பு படிந்து புண்ணானதை 1969-இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாத நீர்த்தூவலும் தூசியும் மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. ஆய்வகத்தில் பொடியைக் கொட்டி எடுக்கும்போதும் மேசையில் சிந்தியதை விளக்குமாற்றால் பெருக்கும்போதும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணியால் துடைத்து எடுப்பதுதான் சரி.

தவறு நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. கண்ணில் பட்டால் அழ வேண்டாம், தேய்க்க வேண்டாம். இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஓடும் குழாய் நீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்ற வேண்டும். எரிச்சல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே மருத்துவமனைக்கு, தேவையானால் 108-ஐக் கூப்பிட்டு, புட்டியின் லேபிளோடு கொண்டுபோக வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று விட்டுவிடவும் கூடாது. சிவப்பணு உடைவதும் சிறுநீரகம் பாதிப்பதும் ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளியே தெரியலாம். மருத்துவமனையில் செம்பைப் பிடித்து வெளியேற்றும் பெனிசிலமைன் போன்ற மருந்துகள் உண்டு. நேரத்தோடு போனால் பலன் கிடைக்கும்.

செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்துக்கென்று அடுத்த முறை பொருட்கள் கேட்டு எழுதும் பட்டியலில் முதல் மூன்று வரியில் இவற்றைப் போடுங்கள்: ஒரு பிரிவு மாணவர்கள் அத்தனை பேருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ஒவ்வொரு பிப்பெட்டுக்கும் ஒரு ரப்பர் பல்ப், மூடியுள்ள ஒரு கழிவு வாளி. அவை வந்து சேரும்வரை மயில்துத்தத்தைச் சூடேற்றும் சோதனையை நீங்கள் மட்டும் செய்து காட்டினால் போதும். மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும்.